டேஷ்போர்டுக்குள் மாட்டிக்கொண்ட மோதிரம்

வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தாலே வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறும்... அப்போது எனக்கு அது சென்ட் மாதிரி.

நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் கூடி வந்த கையோடு பழைய கார் ஒன்று வாங்கினேன். உள்ளே எல்லாம் வெளுத்துப்போன பிளாஸ்டிக். பெண் வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரே கவலை.

பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து, அட்டையில் அளவு எடுத்து, அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து... டேஷ்போர்டு, கதவு எல்லாவற்றுக்கும் மரம் ஒட்டினேன்.

லாரி கேபினில் பலகைகளை இடைவெளியே இல்லாமல் தட்டி இறுக்குவார்கள். இல்லாவிட்டால் ரோட்டில் கடகடவென்று ஆடும். நானும் அதே நினைப்பில், டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியின் மூடியைக்கூட ஒரு தாள் நுழையாதபடி செய்துவைத்தேன். மூடி என்பது திறக்க வேண்டிய சாமான் என்று மண்டையில் ஏறவில்லை.

உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யும் நாள் வந்தது. காலையில் பளபளப்புக்காக இன்னொரு கோட் வார்னிஷ் அடித்தேன். பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியிலேயே வைத்து மூடினேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் வீடு. இறங்கியதும் மாமனாரையும் அவர் பங்காளிகளையும் காருக்குள் எட்டிப் பார்க்க வைத்து, எல்லாம் என் கைவேலை என்று அளந்துவிட்டேன்.

உப்பும் சர்க்கரையும் மாற்றி முடித்ததும் மோதிரம் எடுக்கப் போனால்... மூடி வரவில்லை. ஈர வார்னிஷ் வெயிலில் இறுகி, மரத்தோடு மரம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். மூடியின் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. சற்று முன் பாராட்டியவர்களே சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். ஒருவர் கடப்பாரை எடுத்து வரவா என்று கேட்டார், கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. மானம் போயிற்று.

மாமனார் உள்ளே போய்த் திரும்பி வந்தார். மகள் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி வாங்கி வந்திருந்தார். அதைத் துண்டுக்கு அடியில் மறைத்து என் கையில் வைத்தார்.

“உடுங்க சாமி, நல்ல நேரம் போயிரும். இதையே போட்டு உட்ருங்க.”

அவர் வாங்கிய மோதிரத்தை அவர் மகளுக்கே போட்டேன். போட்டோவில் நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்...

மறுநாள் மூடியை உடைத்துத்தான் எடுத்தேன். நான் வாங்கிய மோதிரம் இன்னும் பீரோவில் கிடக்கிறது. ஏனோ அவளும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது வரும் கார்களில் மரம் மாதிரியே பிளாஸ்டிக். தொட்டால் போதும், மூடி மெதுவாகத் திறக்கிறது. பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், யாரோ என் மனைவியின் விரலைப் பார்த்து, மோதிரம் அழகாக இருக்கிறதே, யார் எடுத்தது என்று கேட்டார்கள்.

“நிச்சயத்துக்கு அவங்க எடுத்ததுங்க” என்றாள் என்னைக் காட்டி, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.