சிறுசு ஷிப்டுக்கு வரவில்லை

ஊரிகத்தில் பெங்களூர் ரயில் ஏறியதும் ஈவ்லின் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறாள். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடுகிறாள். பங்காருப்பேட்டை வருவதற்குள் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். புதிதாக வருகிறவர்கள் இடம் மாறி உட்காருவார்கள். பழகிய எங்களுக்குத் தெரியும், அது போலந்து நாட்டுத் தவளை.

பெங்களூரில் அவளுக்கு வேலையே தவளை கேட்பதுதான். எங்கோ குளக்கரையில் பதிவு செய்து அனுப்பும் ஒலியில், எந்த இடத்தில் எந்தத் தவளை கத்துகிறது என்று குறிக்க வேண்டும். புரியாத துண்டுகளை ரயிலில் மறுபடி கேட்பாள். பெருசு, சிறுசு, இரண்டுக்கும் பிறந்த கலப்பு என்று மூன்று வகை. பெருசு சிரிக்கும். சிறுசு தையல் மிஷின் மாதிரி மெல்ல இழுக்கும். கலப்பின் குரல் இரண்டுங்கெட்டான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஈவ்லினை நிறுத்த முடியாது.

"கலப்பும் கலப்பும் சேந்தா குஞ்சு தங்காது விமலா. சிறுசத் தேடித்தான் போவணும். கலப்புக்குள்ள ரெண்டோட ஜீனும் பாதி பாதி. புள்ளைக்கு குடுக்கும்போது சிறுசோட பாதிய வழிச்சிப் போட்டுட்டு பெருசோட பாதிய மட்டும் குடுக்கும். ஜோடி சேர்ற சிறுசு மீதிய ரொப்பும். மறுபடி கலப்பே பொறக்கும். எங்க ஊட்டுக் கதைதான், போ."

உண்மைதான். அவள் அம்மா மாரிகுப்பத்துக் கத்தோலிக்கர், அப்பா ஊரிகத்துப் புராட்டஸ்டண்ட். ஈவ்லின் போவது அம்மாவின் கோயிலுக்கு மட்டும். கட்டிக்கொண்டதோ அப்பாவின் சபையிலிருந்து கிளமெண்டை. மகன் ஷெர்வின் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கத்துக் கேக்கையும் விடுவதில்லை.

இந்த வருடம் ஒரு குளம் அவளைப் படுத்திவிட்டது. எத்தனை பதிவு கேட்டாலும் கலப்புதான் கத்துகிறது. "சிறுசு ஷிப்டுக்கே வர்ல. அது இல்லாங்காட்டி இதுங்க இன்னா பண்ணும்? இருக்கிறதோட சரி" என்பாள். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். "தவளைக்கா?" என்று கிளமெண்ட் சிரித்தாராம். "உங்க சபையில ஒரு ஜெபம் வெக்கிறது" என்று மடக்கிவிட்டாள்.

போன மாதம் சிறுசு கிடைத்துவிட்டதென்று குதித்தாள். அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை, வெளியே மழை, ஜன்னல் திறந்திருந்தது. மறுநாள் ஆபீசில், அவள் குறித்த இடத்தில் பதிவில் ஒன்றுமே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். "எங்க லைன் வீட்டுச் சாக்கடைத் தவளைக்கு போலந்து பாஸ்போர்ட் குடுத்துட்டேன்" என்று அவளே சொல்லிப் பெட்டியையே சிரிக்க வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் கத்தவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

நேற்று ரயில் சிக்னலுக்கு நின்றது. வெளியே நல்ல வெயில். ஈவ்லின் சட்டென்று நிமிர்ந்தாள். ஹெட்போனைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே காது கொடுத்தாள். வேர்க்கடலைக்காரர் குரல் மட்டும்தான். மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். கடைசியில் என் தலையில் மாட்டிவிட்டாள்.

"இன்னா கேக்குது? நீயே சொல்லு."

கலப்புகளின் கச்சேரிக்கு அடியில், தூரத்தில், யாரோ தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின்" என்றேன்.

ஈவ்லின் அம்மாவின் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, கிளமெண்டின் சபையில் செய்வதுபோல் கைகளைக் கோத்துத் தலை குனிந்துகொண்டாள்.