மின்னி கவ்வி வந்த கொக்கு

சாலாக் செலாத்தானில் பள்ளி வேன் ஓட்டும் பெர்னிஸ், பாசார் சந்தைக்குப் பின்னால் மீன் கழிவு தின்றுகொண்டிருந்த ஒரு கறுப்பு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து மின்னி என்று பேர் வைத்தார். அந்தத் தெருநாய் பிற்பாடு உயர்சாதி நாய்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, வேட்டை நாய்ப் போட்டியில் தொடர்ந்து கோப்பை வாங்கியது.

போட்டி நடப்பது செமினியில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைக் கரையில். சந்தையில் வாங்கிய செத்த வாத்துகளை நாணலுக்குள் ஒளித்து வைப்பார்கள். நாய் மோப்பம் பிடித்துப் போய், பல் பதியாமல் கவ்வி வந்து வளர்ப்பவர் கையில் கொடுக்க வேண்டும். இந்த வருஷம் போட்டியை நடத்தும் பொறுப்பும் பெர்னிஸுடையதுதான்.

அதற்கு முந்திய வாரம் மின்னியைப் பழக்க அங்கே போயிருந்தார். நாணலுக்குள் பாய்ந்த மின்னி ஒரு வெள்ளைக் கொக்கோடு திரும்பியது. செத்த கொக்கு. கரையோரம் பார்த்தால் இன்னும் சில கிடந்தன. பறவைக் காய்ச்சல் செய்திகளை அவர் படித்திருந்தார். அது நாய்களையும் தொற்றலாம் என்பதும் தெரியும். வழக்கம்போல் கையை நீட்டாமல் பின்னால் நகர்ந்து, "கீழ போடு" என்றார். மின்னி குழம்பிப்போய் அவரையே பார்த்தது. பிறகு போட்டது. கால்நடை இலாகாவுக்குப் போன் அடித்து, ஆள் வந்து கொக்குகளைச் சோதனைக்கு எடுத்துப் போகும்வரை யாரையும் கிட்டே விடாமல் நின்றார்.

மின்னியைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துக் கவனிக்கச் சொன்னார் மிருக டாக்டர். அன்றைக்கே பெர்னிஸ் முடிவெடுத்துவிட்டார். குட்டைக்கரை வேண்டாம், பறவையே வேண்டாம், துணிச் சுருளை வைத்து வேறு இடத்தில் போட்டி. மின்னி கலந்துகொள்ளாது.

போட்டி நடத்தும் சங்கத்தைத் தொடங்கிய நாகையா ஒத்துக்கொள்ளவில்லை. துணியைத் தூக்கி வருவது வேட்டை நாய்க்கே அவமானம் என்றார் போனில். சோதனை முடிவு வருவதற்குள் பயப்படுகிறாய் என்றும் சொன்னார். அவர் வீட்டில் கம்பத்துக் கோழி எனப்படும் நாட்டுக்கோழிப் பண்ணை இருந்தது.

"பயமில்ல அங்கிள். உங்க டைகர் அங்க எதையாச்சும் கவ்விட்டு வீட்டுக்கு வந்தா, உங்க கோழிங்க கதி என்ன? அத மட்டும் யோசிங்க."

நாகையா போனை வைத்துவிட்டார். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, தெரிந்தவருடைய செம்பனைத் தோட்டத்தில் இடம் கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நல்ல கூட்டம். டைகர் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. நாகையாவே சிரித்துவிட்டார். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பழுப்பு நாய் கோப்பையைத் தட்டிச் சென்றது. அதைக் கொடுக்கும்போது பெர்னிஸுக்கு, வீட்டில் தனியாகக் குரைத்துக்கொண்டிருக்கும் மின்னி ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் எடுத்த முடிவில் சந்தேகம் வரவில்லை.

பிறகு சோதனை முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, குட்டைத் தண்ணீரில் கலந்த ஏதோ நஞ்சு.

"அப்போ குட்டைக்கரையிலயே நடத்தியிருக்கலாம்லா?" என்று கேட்டார் நாகையா.

"நஞ்சுத் தண்ணிக்குள்ள நம்ம நாய்ங்கள இறக்கியிருப்போம் அங்கிள்."

அடுத்த வருஷமும் போட்டியை நீயே நடத்து என்று சொல்லிவிட்டு நாகையா போனை வைத்தார். மின்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெர்னிஸ் அதற்குத் துணிச் சுருளைப் பழக்கத் தொடங்கியிருக்கிறார்.