சந்தனம் வைத்த ராக்கெட்

அந்த ஜெர்மன்காரரைக் கண்ட முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. மாதிரி ராக்கெட் விடுகிற சங்கத்தில் ஏவுதளப் பொறுப்பாளர் அவர். கழுத்தில் விசில், கையில் அட்டையில் செருகிய படிவம், சேற்று வயலிலும் அழுக்குப் படாத சப்பாத்து. சேரப் போன அன்று மற்றவர்களிடம் பெயரை மட்டும் கேட்டவர், என்னிடம் எந்த ஊர் என்றும் கேட்டார். பிராங்பேர்ட் என்றேன். "இல்லை, அதற்கு முன்னர்?" என்றார். அதற்கு முன்னர் யாழ்ப்பாணம். அங்கே பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து வந்து விழுந்த ஷெல்களைப் பற்றி இவருக்குச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஊரில் யுத்தநிறுத்தம். நான் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடைந்துகொண்டிருந்தேன். இந்த ராக்கெட்டுகளை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்னுடையது என் உயரத்துக்கு நின்றது. ஒரு கிலோமீட்டருக்கு மேலே போய், பரசூட்டை விரித்துக்கொண்டு இறங்கவேண்டியது. இந்த அளவு மோட்டார் வாங்க அரசாங்க அனுமதி வேண்டும், ஏனென்றால் அதன் எரிபொருள் சட்டப்படி வெடிமருந்து. அகதியாக வந்த யாழ்ப்பாணத்தான் ஒருவன் வெடிமருந்துக்கு விண்ணப்பித்தால் எப்படி இருக்கும்? அலுவலகத்தில் இருந்தவர் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதற்கு?" என்றார். பொழுதுபோக்கு என்றேன். அந்தப் பொழுதுபோக்குக்கு அனுமதி வர இரண்டு வருடம் எடுத்தது.

எங்கடை ஆட்களும் சும்மா விடவில்லை. "அண்ணை, உங்களுக்கு விசரே? எங்கடை பேரோட போய் வெடிமருந்துக்கு அன்ட்ராக் போடுறியளே?" என்று, விண்ணப்பத்துக்கு ஜெர்மன் சொல்லையே போட்டு, தமிழ்க் கடையில் வைத்தே கேட்டார்கள். மனைவி கேட்கவில்லை, சப்பாத்துத் துடைக்கிற துணியை என் ராக்கெட்டின் மேல் போட்டு வைத்தாள். அதுதான் அவளுடைய கருத்து.

அனுமதி கிடைத்தும் முடியவில்லை. சங்கத்து ஆள் ஒருவரின் கண் முன்னால் ஒரு தடவை பறக்கவிட்டு, உடையாமல் இறக்கிக் காட்டவேண்டும். காட்டினால்தான் பெரிய ராக்கெட் விடத் தகுதி. வருடத்தில் ஒரு வார இறுதியில்தான், அறுவடை முடிந்த ஒரு வயலில்தான் அது நடக்கும். பார்த்துக் கையெழுத்து வைக்கிறவர் யார்? அதே விசில்காரர். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். அவர் வாயால் "சரி" என்று சொல்லக் கேட்கவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் குளிர்காலம் முழுவதும் நிலவறையில் பசை மணத்துக்குள் கிடந்தேன்.

புறப்படும்போது மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்த சின்ன டப்பா ஒன்றைத் தந்தாள். "இஞ்சருங்கோ, ஒரு பொட்டாவது வைச்சிட்டு விடுங்கோ. புதுச் சாமான்" என்றாள். புதுக் கார் வாங்கினபோதும் முன்பக்கத்தில் சந்தனம் வைத்துத்தான் எடுத்தோம். ராக்கெட்டுக்கு வைக்காமல் விடுவோமா?

வயலோரத்தில் காரை நிறுத்தி ராக்கெட்டை மடியில் கிடத்தினேன். கறுப்புக் குழாய், நடுவில் வெள்ளைப் பட்டி. பட்டிக்கு உள்ளேதான் உயரமானி இருக்கிறது. தீக்குச்சித் தலையளவு ஒற்றைத் துளை வழியாக வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பார்த்து, உச்சிக்கு வந்துவிட்டோம் என்று கண்டுகொண்டு பரசூட்டைத் தள்ளுவது அதுதான். விடியற்காலை மங்கலும் குளிரும், கை விறைத்திருந்தது. சந்தனத்தைக் குழைத்து, வெள்ளைப் பட்டியில் நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் தடிப்பாக ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். கும்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பரிசோதனை மேசையில் எனக்கு முன்னால் நின்றவர்களை அவர் இரண்டு நிமிடத்தில் அனுப்பினார். என் முறை வந்ததும் அனுமதிப் பத்திரத்தை வாங்கி முன்பக்கம், பின்பக்கம், திரும்பவும் முன்பக்கம் பார்த்தார். எனக்கு அப்போதே மண்டை சூடாகிவிட்டது. பிறகு ராக்கெட்டை மெதுவாக உருட்டினார். வெள்ளைப் பட்டியில் அவர் விரல் வந்து நின்றது. "இது என்ன?" என்று பொட்டைத் தொடப் போனார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடவேண்டாம்! அது என் சமயம். மற்றவர்கள் கழுத்தில் தொங்குகிற சிலுவையையும் இப்படித்தான் தடவிப் பார்ப்பீர்களா?" வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, பறக்கவிடலாம் என்று படிவத்தில் ஒப்பமிட்டார். எனக்குப் பெரிய சந்தோஷம். வருடக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன் அல்லவா.

ராக்கெட் அழகாகத்தான் போனது. இரைந்துகொண்டு நேரே ஏறி, புள்ளியாகி, உச்சியில் ஒரு கணம் நின்று, மூக்கைக் கவிழ்த்தது. இப்போது பரசூட் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "தலைக்கு மேலே பாருங்கள்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். சீறிக்கொண்டு விழுகிற சாமானை நான் ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். என்னை அறியாமல் வயலில் குப்புறப் படுத்துவிட்டேன். நிமிர்ந்தபோது மற்றவர்கள் எல்லோரும் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கம்தான் என்னைக் கூடுதலாக எரித்தது.

ராக்கெட் பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. விசில்காரர் பின்னால் வந்தார். "நீதான் செய்தாய்," என்றேன். அதுவரை கொடுத்த மரியாதையை எல்லாம் விட்டு, நீ, உன் என்றே கத்தினேன். "மேசையில் வைத்து ஏதோ நோண்டினாய். எங்களைப் போன்றவன் இதைச் செய்யக்கூடாது என்று உனக்கு எரிச்சல்!"

அவர் அந்தச் சுத்தமான சப்பாத்தோடு சேற்றில் முழங்காலிட்டு, கையால் மண்ணைத் தோண்டி நடுக்குழாயை வெளியே எடுத்தார். வெள்ளைப் பட்டி உடையாமல் இருந்தது. பொட்டும் இருந்தது. இந்தத் தடவை தொடலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, கீழே துளை தெரிந்தது. என் கையால் நானே துளைத்தது. அதற்குள்ளும் சந்தனம் இறுகிக் கிடந்தது.

"காலையில் நான் இந்தத் துளையைத்தான் தேடினேன்," என்றார். "எல்லோருடையதிலும் பார்ப்பேன்."

படிவத்தில் தோல்வி என்று எழுதிப் பேனாவை நீட்டினார். கையெழுத்து வைத்தேன். மன்னிப்புக் கேட்க அப்போது நேரம் இருந்தது, அவரும் பேனாவை வாங்காமல் கொஞ்சம் நின்றார். நான் குழாயைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே கேட்டாள். "என்ன, விழுந்து போச்சுதோ? பொட்டு வைச்சனீங்களெல்லோ?"

"ஓம், வைச்சனான். அந்த மனிசன் கெடுத்துப்போட்டான்," என்றேன்.

அடுத்த வருடம் நான் போகவில்லை. அனுமதியையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். ஜெர்மன்காரர்களின் இனத்துவேஷம் பற்றி வீட்டில் யாராவது பேச்செடுத்தால் மனைவி இன்றைக்கும் அவரைத்தான் முதலில் இழுப்பாள். ராக்கெட்டில் கைவைத்தவன், நாசமாய்ப் போவான் என்று திட்டுவாள். நானும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு இருப்பேன்.