பூக்குழியில் நின்ற கால்

எனக்கு எழுத வராது. ஆறாம் வகுப்போடு சரி. இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பன்னிரண்டு வருடம் எங்கள் கோயில் அன்னதானத்துக்குக் காய் வெட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் பேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து நேராக அங்கேதான் போவேன். ஒரு நாள் கத்தி விரலில் இறங்கியது. பூசணிக்காய் சிவந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலி இல்லை. ஆஸ்பத்திரியில் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். குஷ்டம் என்றார்கள்.

ஒரு வருடத்துக்கு மாத்திரை. முகம் செம்புப் பானை நிறத்துக்குக் கறுத்தது. மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது. முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாய்க் கட்டி. கால் வீங்கியது. மூத்திரம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனேன். தோல் டாக்டரம்மா திட்டினார்.

"ஏன் அங்கிள் இத்தன நாள் வரல? இது தோலோட நிக்கிற சீக்கு இல்ல. கிருமியோட உடம்பு சண்ட போடும். ரத்தக் குழாயெல்லாம் வீங்கும். கிட்னி வரைக்கும் போகும். இன்னொரு வாட்டி மூத்திரம் நுரைச்சா மறுநாளே இங்க இருக்கணும். லேட் பண்ணா போன கிட்னி திரும்ப வராது."

வேறு மாத்திரை சேர்த்தார். நுரை அடங்கியது. என் சிறுநீரகம் தப்பித்தது. அவர் சொன்னது மறக்கவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்து இது பரவாது, எல்லா வேலையும் செய்யலாம் என்று ஒரு கடிதமும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். காலையில் வழக்கம்போல் காய் வெட்டிக் கொடுத்தேன். பிறகு அடுப்படித் தலைவரிடம் கடிதத்தை நீட்டினேன். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன்.

அவர் கையில் வாங்கவில்லை. சோற்றுப் பானை இறக்கும் இடுக்கியை எடுத்தார். அதால் கடிதத்தைப் பிடித்தார். படிக்காமலே அடுப்பில் போட்டார்.

"இவன் வெட்டுன காய எவனும் தொடாதீங்க. சாம்பார லோங்காங்ல கொட்டு."

கொட்டினார்கள். வாசல் சாக்கடை மஞ்சளாய் ஓடியது.

"அண்ணே, பரவாதுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க அண்ணே."

"அப்ப அந்தம்மாவே வந்து சாப்பிடட்டும் லா. நீ கேட்டுக்கு வெளிய நின்னு கும்பிடு. ஆத்தாவுக்கு அங்கயும் கண்ணு தெரியும்."

பந்தியில் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடம் என் கை பட்டதைத் தின்றவர்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் தீமிதி. கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். இறங்கினவர்கள் எல்லாரும் ஓடிக் கடந்தார்கள். அண்ணன் நடந்தார். பூக்குழி நடுவில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"ஆத்தா தாங்குறா, பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் அழுதார்கள். மாலை மேல் மாலை விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியல லா. நெசமாவே பூ மேல நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

கிட்டத்தில் பார்த்தேன். காது மடல் தடித்திருந்தது. புருவத்தின் ஓரத்தில் முடி இல்லை. உள்ளங்காலில் தோல் வெந்து தொங்கியது. நொண்டவில்லை. என் விரலில் கத்தி இறங்கிய நாள் ஞாபகம் வந்தது.

அருள் இல்லை. மரத்த கால்.

சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் சொன்னால் அடிப்பார்கள் என்று ஒரு சாக்கு இருந்தது. சாக்குதான். உண்மையில் எனக்கு இனித்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஆயர் ஈத்தாம் பாசாரில் அவர் மனைவியைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, தேவலையா இப்ப? இங்க அண்ணனுக்குத்தான் முடியல. தீமிதிச்ச புண்ணு ஆறவே மாட்டேங்குது. காலு ரெண்டும் ஊதி, செலிப்பர் நுழையல. முட்டிக்குக் கீழ கட்டி கட்டியா இருக்கு."

"மூத்திரம்?"

"நுரையாப் போவுதாம். விரத சூடுன்னு சொல்றாரு. எளநி குடுக்குறேன். கட்டி வலிக்கு மாத்திர வாங்கி வாங்கிப் போடுறாரு. டாக்டர்கிட்ட வாங்கன்னா, ஆத்தா தாங்குன கால எவன்கிட்டயும் காட்ட மாட்டேங்குறாரு. உனக்கும் காலு வீங்குச்சுதான தம்பி? அது மாதிரி எதாச்சுமா?"

கத்தரிக்காயைப் பார்த்தேன். கையில் ஒன்றை எடுத்தேன். வைத்தேன்.

"எனக்கு வந்தது வேற, அக்கா," என்றேன். "எளநி நல்லதுதான்."

வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு மாதம் போயிற்று. நான் வருடச் சோதனைக்குத் தோல் கிளினிக் போனேன். பெஞ்சில் அவர் இருந்தார். முகம் உப்பிக் கண் சிறுத்திருந்தது. கழுத்தில் டயாலிசிஸ் குழாய். பக்கத்தில் அந்த அக்கா. கிட்னி வார்டில் காதையும் காலையும் பார்த்துவிட்டு இங்கே அனுப்பியிருந்தார்கள்.

மலாயில் எழுதிய கடிதம் ஒன்றை அண்ணன் என்னிடம் நீட்டினார். "கண்ணு தெரியல. என்னா போட்டிருக்கு, பாரு."

இடுக்கி கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கையால் வாங்கினேன். சத்தமாகப் படித்தேன். மலாயில் அந்த நோய்க்கு 'குஸ்தா' என்று பேர். அதை இரண்டு முறை படித்தேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து தள்ளி நின்றார்கள்.

"மெதுவா லா, தம்பி."

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"உனக்குச் சரியாயிடுச்சில்ல? எனக்கும் ஆயிடும்ல?"

"தோலு ஆயிடும், அண்ணே."

"கிட்னி?"

"ரொம்ப லேட்டா வந்தா அது திரும்ப வராதாம். மொதல்லயே எனக்குச் சொல்லிட்டாங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் என் நம்பரைக் கூப்பிட்டாள். எழுந்து போனேன்.

இப்போது அவர் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்கிறார். கோயிலில் காய் வெட்ட ஆள் இல்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை.

அன்று பாசாரில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அண்ணனிடம் இல்லை.