கடைக்குட்டியைக் கேட்க வந்தவர்

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. முதலில் கைபேசியில் ஒரு பெண் ஏதோ சொல்வாள். பிறகு முவான்புயா அதைத் திருப்பிச் சொல்வான். அவள் இன்னொரு முறை சொல்லுவாள், இவன் இன்னொரு முறை தடுமாறுவான். மூன்று வாரமாக இதே பாடம்தான். கம்போடியாவில் பேசுகிற மொழியாம்.

அடுப்படியில் முக்காலி போட்டுக் கடுகுக் கீரையை மூங்கில் நாரால் கட்டிக்கொண்டிருந்தாள் மிங்லியானி. அந்தக் குரல் எழும்பும்போதெல்லாம் அவள் விரல்கள் நின்றன. நாளை சனிக்கிழமைச் சந்தை. இருட்டுவதற்குள் அறுபது கட்டாவது கட்டியாக வேண்டும்.

"அம்மா! 'சாப்ட்டீங்களா'ன்னு அவங்க பாஷைல எப்படிக் கேக்கணும், சொல்லட்டுமா?"

"எனக்கெதுக்குடா அது? நான் அங்க யாரைக் கேக்கப் போறேன்?"

சுவருக்கு அப்பால் பேச்சு அடங்கியது. கைபேசிக்காரி மட்டும் இன்னும் இரண்டு முறை கேட்டாள். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவளும் ஓய்ந்தாள்.

மிங்லியானிக்கு அறுபத்தொரு வயது. ஐஸால் மலைச்சரிவில், சாலையிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினால் அவள் வீடு. கணவன் பியாக்கா சில்சார் சாலையில் லாரி ஓட்டியவன். அவன் போய் ஏழு வருடம் ஆகிறது. மூத்தவன் ஸுவாலா, கல்யாணமான கையோடு லுங்லெய்க்குப் போய்த் தனிக்குடித்தனம் வைத்துவிட்டான். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. மூத்தவர்கள் போவார்கள், கடைக்குட்டி இருப்பான். வீடும் அவனுக்கு, வயதான தாய்தகப்பனும் அவனுக்கு. மிசோ வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூடக் கிடையாது. அந்தக் கடைக்குட்டிதான் இப்போது கடல் தாண்டி மிஷனரியாகப் போகிறேன் என்கிறான்.

இதில் விதி செய்த கொடுமை ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் ஊழியத்துக்குப் பிடியரிசி வாங்குகிறவள் இதே மிங்லியானிதான். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். வாரத்துக்கு ஒருநாள், கூடையை முதுகில் தொங்கவிட்டு, வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, இவள் படியேறி இறங்குவாள். அரிசி குறைந்தால் விடமாட்டாள். "என்னடி, இந்த வாரம் உன் கை சுருங்கிப்போச்சா? இல்ல, வீட்ல எல்லாரும் பட்டினியா?" என்று வாசலிலேயே மானத்தை வாங்குவாள். அரிசியோடு நின்றாளா? பிள்ளைகளையும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

பதினோரு வருடத்துக்கு முன், மேல்வீட்டு கிம்தேயியின் ஒரே மகள் ரெமி, நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகிறேன் என்று நின்றாள். கிம்தேயி விதவை. விடமாட்டேன் என்று தரையில் விழுந்து அழுதாள். மூன்று சாயங்காலம் தொடர்ந்து அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து கரைத்தவள் மிங்லியானி. "கொடுத்தவளுக்குத் தேவன் குறை வைப்பாரா அக்கா? வெறுமையே தெரியாது, பாத்துக்கோ" என்றாள். கிம்தேயி கொடுத்தாள். ரெமி இந்தப் பதினோரு வருடத்தில் இரண்டு முறை வந்து போனாள்.

முவான்புயா சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். முப்பத்துநாலு வயது. பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவின் அதே அகலத் தோள்.

"சபைலேர்ந்து அவர் நாலு மணிக்கு உன்னைக் கேக்க வந்துடுவாராம்மா. நான் பாட்டுப் பயிற்சிக்குப் போறேன்."

"நீயும் இரேன்."

"நான் பக்கத்துல இருந்தா நீ மனசுல உள்ளதைச் சொல்ல மாட்டே." அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கட்டை எடுத்து நாரை இறுக்கினான். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, போதும். நான் இருந்துடறேன். இதுக்காக உன்கிட்ட ஒருநாளும் கோபமா முகம் காட்ட மாட்டேன்."

"முகம் காட்டாம வேற எதைக் காட்டுவே? முதுகையா?"

அவன் சிரித்துவிட்டுப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை அவள் காது அவனோடேயே போயிற்று.

அந்தச் சத்தம் ஓய்வதற்கென்றே காத்திருந்தவள்போல கிம்தேயி உள்ளே வந்தாள். கதவைத் தட்டும் வழக்கம் அவளுக்கு இல்லை. நேராக வந்து கீரைக் குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"என்னடி மிங்லியானி, கண்ணு இப்படி வீங்கியிருக்கு? சந்தோஷத்துல அழுதியா? பிள்ளையைக் கொடுக்கறவ சந்தோஷமாக் கொடுக்கணும்னு எங்கிட்ட ஒருத்தி சொன்னா."

"குத்து அக்கா, நல்லாக் குத்து. பதினோரு வருஷம் காத்திருந்தே."

"குத்தாம? மூணு வருஷம் உன்கிட்ட கீரை வாங்கலியே, கவனிச்சியா?"

"நீ வாங்கற ஒரு கட்டுல நான் மாடி கட்டப்போறேனா?" என்றாள் மிங்லியானி. அடுத்த கணமே குரல் உடைந்தது. "அக்கா, என்னால முடியாது. தெரு முழுக்கக் கூடை தூக்கிட்டுப் போய்க் கேட்டேன். என் வீட்டு வாசல்ல வந்து கேக்கும்போது என்னால முடியல. சாயங்காலம் படியில அவன் செருப்புச் சத்தம் கேக்கலன்னா நான் எதுக்கு அடுப்பு மூட்டறது, சொல்லு."

கிம்தேயி ஒரு பாக்கை எடுத்து இரண்டாக வெட்டி, சுண்ணாம்பு தடவி, பாதியை அவளிடம் நீட்டினாள்.

"சுலபம்டி. நெஞ்சுவலின்னு சொல்லு. மூச்சு விட முடியல, டாக்டர் ஒருத்தர் கூடவே இருக்கணும்கறார்னு சொல்லு. நடுநடுவுல இருமு. யார் வந்து உன் நெஞ்சைத் திறந்து பாக்கப் போறாங்க? நான் பக்கத்துலயே இருக்கேன். நீ தடுமாறினா காலால ஒரு இடி இடிக்கிறேன்."

"சபை ஆள்கிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப உண்மையைச் சொல்லு. 'ஊரான் பிள்ளைன்னா கொடுப்பேன், என் பிள்ளைன்னா கொடுக்க மாட்டேன்'னு சொல்லு. அது உண்மைதானே?"

மிங்லியானி ஒரு முறை இருமிப் பார்த்தாள்.

"கோழிக்குத் தொண்டை அடைச்ச மாதிரி இருக்கு. இன்னும் ஆழத்துலேர்ந்து" என்றாள் கிம்தேயி.

நாலு மணிக்குச் சொன்னபடி வந்து நின்றார், ஊரே மரியாதையாக 'பு ரோசாங்கா' என்று அழைக்கிற மிஷன் குழுச் செயலாளர். படி இறங்கிய களைப்பில் நெற்றியெல்லாம் வேர்வை. கையில் ஒரு நீலக் கோப்பு. கிம்தேயி எல்லோருக்கும் சர்க்கரை போட்ட, பாலில்லாத கட்டன் தேநீரை ஊற்றிவிட்டு, மிங்லியானியின் காலுக்கு எட்டும் தூரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, தம்பி எல்லாம் சொல்லியிருப்பான்" என்று ஆரம்பித்தார் அவர். "விதவைத் தாயோட கடைசிப் பிள்ளையைத் தாய் வாயால சம்மதம் கேக்காம நாங்க அனுப்பறதில்ல. அதான் நானே வந்தேன்."

மிங்லியானி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, எனக்குக் கொஞ்ச நாளா..." இருமினாள். இந்த முறை நன்றாகவே வந்தது.

"தெரியும்மா, தெரியும்" என்றார் அவர் பரிவாக. "உங்க உடம்பைப் பத்தி எனக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். முதல் தடவையும் ரெண்டாந்தடவையும் அவன் அதையேதானே சொன்னான்."

"முதல் தடவையா? எது முதல் தடவை?"

பு ரோசாங்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கிம்தேயியைப் பார்த்தார், பிறகு அந்த நீலக் கோப்பைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? ஐயோ. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான், நான் ஒரு ஓட்டை வாய்."

"சொல்லுங்க ஐயா."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அவனை எடுத்தாச்சும்மா. பர்மாவுல ஒரு பள்ளிக்கூடம். ஊர் வரைக்கும் முடிவாயிடுச்சு. அப்புறம் வந்து, அப்பா போய் வருஷம் ஒண்ணுதான் ஆகுது, அம்மா சரியாத் தூங்கறதில்லன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டான். மூணு வருஷம் முன்னாடி மறுபடி கூப்பிட்டோம். பயணச்சீட்டே எடுத்தாச்சு. அந்த வாரம் உங்க முழங்காலுக்கு ஆபரேஷன்னு ஆயிடுச்சு. சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டான். இப்போ இது மூணாவது. வர்ற மாசம் அவனுக்கு முப்பத்தஞ்சு. அதுக்கு மேல புதுசா யாரையும் நாங்க எடுக்கறதில்ல."

முழங்கால்! மிங்லியானிக்கு அந்த ஒரு மாதம் கண்முன் வந்து நின்றது. கட்டுப் போட்ட காலோடிருந்த அவளை முதுகில் சுமந்து அந்த நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினான் அவன். வழியில் பாட்டு வேறு. "அரிசிக் கூடையைவிட நீ லேசும்மா" என்று கேலி வேறு. அப்போது அவள் மனதுக்குள் தேவனுக்கு நன்றி சொன்னாள். ஊர்ப் பிள்ளைகள்மேல் எல்லாம் சபையின் கண் விழுகிறது, என் பிள்ளையை மட்டும் கேட்க யாருக்கும் தோன்றவில்லையே என்று! தாங்க முடியாத வெட்கம் அவளைப் பிடுங்கியது. ஆறு வருடமாக இந்த வீட்டுக்குள் ஒருவன் மூட்டை கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து இருந்திருக்கிறான். ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்தது, ஞாயிறு மாலைகளில் வாசல் திண்டில் தனியாக உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் அவள் வாத்தியார் வேலையின் அலுப்பு என்று நினைத்திருந்தாள்.

கிம்தேயியின் கால் அவள் காலை இடித்தது. இருமு என்று அர்த்தம்.

மிங்லியானி இருமவில்லை.

"போகட்டும் ஐயா" என்றாள்.

"அவசரப்படாதீங்கம்மா. நீங்க மறுத்தாலும் குத்தமில்ல. நீங்க சரின்னாலும் இன்னொரு கேள்வி இருக்கு." அவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "அவன் போனா இந்த வீட்ல உங்களோட யார் இருக்கப்போறாங்க? பேர் எழுதணும். ஒருத்தரும் இல்லன்னா நாங்களே அனுப்ப மாட்டோம். அது குழு போட்ட கட்டுப்பாடு."

யார் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வியின்முன் அவள் வீடு அத்தனை அறைகளையும் திறந்து காட்டிற்று. ஒன்றிலும் ஆள் இல்லை. அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம், உதட்டைப் பிதுக்கினால் போதும். பிள்ளை அவளுக்கே! பொய்யும் வேண்டாம், இருமலும் வேண்டாம், மறுத்த பாவமும் அவளைச் சேராது. பேனா காகிதத்துக்கு மேலே காத்து நின்றது.

"மூத்தவன் வரான்" என்றாள் மிங்லியானி.

"ஸுவாலாவா? லுங்லெய்லேர்ந்தா?"

"ஆமா. குடும்பத்தோட. அடுத்த மாசம்."

"மருமகளுக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லன்னு..." அவர் இழுத்தார். பியாக்காவின் சாவுக்கு வந்தவர்களுக்குச் சமைத்த பன்றிக்கறியில் யார் உப்பு அதிகம் போட்டது என்று தொடங்கிய அந்தச் சண்டை ஊரறிந்தது.

"அதெல்லாம் தீந்துபோச்சு ஐயா. எத்தனை நாளைக்கு உப்பையே பேசிட்டிருக்கறது?"

அவர் கண்கள் கிம்தேயியிடம் திரும்பின. "பக்கத்துல இருக்கறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கிம்தேயியின் கோப்பை வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. மிங்லியானி அவளைப் பார்க்கவில்லை, கீரைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் காத்திருந்தவளின் கையில் இப்போது எல்லாம் இருந்தது. இல்லை என்று ஒரு சொல். அவள் ஒரு மிடறு குடித்து, கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"தெரியாம என்ன? பேரனுக்குப் பள்ளிக்கூடம்கூடப் பாத்தாச்சு. அந்த மருமகளோட வாய்க்கு நாங்க எல்லாரும் இப்பவே காதுல பஞ்சு வாங்கி வெச்சிருக்கோம்."

பு ரோசாங்கா வாய்விட்டுச் சிரித்தார். பெயரை எழுதினார். எழுந்து நின்று ஜெபித்தார். பிரிந்திருந்த குடும்பத்தை ஒன்று சேர்த்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். மிங்லியானிக்கு 'ஆமென்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. கிம்தேயி இரண்டு பேருக்குமாகச் சேர்த்து உரக்கச் சொன்னாள்.

"பாக்கியவதி அம்மா நீங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார்.

வெளியே மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது. தெருவின் ஒலிபெருக்கியில் யாரோ நாளைக்குத் தண்ணீர் வரும் நேரத்தை அறிவித்தார்கள்.

"அவர் ஸுவாலாவுக்கு ஒரு போன் போட்டா என்னடி பண்ணுவே?"

"முந்திக்கிட்டு நான் போடறேன். கால்ல விழறேன். 'வர வேண்டாம்ப்பா, வரேன்னு மட்டும் சொல்லு'ன்னு கேக்கறேன்."

"சொல்லுவானா?"

"சொல்லுவான். வரமட்டும் மாட்டான்."

கிம்தேயி எழுந்து தோளில் போர்வையைச் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன். என் பிள்ளைக்காகச் சொன்னேன். நீ ஏன் சொன்னே?"

"அன்னிக்கு என் அடுப்படியில உக்காந்து வெறுமையே தெரியாதுன்னு சொன்னியே, அதைவிடவா இது பெரிய பொய்?" என்றாள் கிம்தேயி. குரலில் கோபம் இல்லை. அதுதான் மிங்லியானியை இன்னும் வதைத்தது. "வெறுமை தெரியும்டி. நல்லாவே தெரியும். முதல் வருஷம் ரெண்டு பேருக்குச் சமைச்சிடுவே. அப்புறம் கை பழகிடும்."

"இருந்து சாப்ட்டுட்டுப் போயேன் அக்கா."

"இன்னிக்கு வேண்டாம். அவன் வந்து உன் முகத்தைத்தான் முதல்ல பாப்பான். அழுத முகத்தோட நிக்காதே, போய்க் கழுவு. மூணாந்தரமும் போகலன்னு எழுதிக் கொடுத்துடப்போறான்."

மிங்லியானி தலையசைத்தாள். வாசல்வரை கூடவே வந்தாள். கிம்தேயி திரும்பிப் பார்க்காமல் ஒவ்வொரு படியாகக் கையூன்றி ஏறினாள். பனி அவள் போர்வையை மூடியது. மிங்லியானி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.