ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு மெயின்

1. பச்சை பட்டன்

யாருடைய உதவியும் இல்லாமல் நான் தனியாகக் கட்டிய முதல் வெப்சைட், மயிலாப்பூர் ருக்மிணி மாமியின் இசைப் பள்ளிக்கானது. பாட்டு, வயலின், கீபோர்ட் எல்லாமே ஆன்லைனில்தான் நடக்கும். மாணவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். புரோகிராம் எழுதும் வேலையே இல்லை. பில்டர் என்கிற சைட் கட்டும் மென்பொருளில் பெட்டிகளை இழுத்துப் போட்டு, நிறம் கொடுத்து, பப்ளிஷ் அழுத்தினால் சைட் தயார். தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பாஸ் பிரகாஷ் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா மின்னுது சுபா" என்றார். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த சைட்டை என் ஃபோனில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே மாமியிடமிருந்து ஃபோன்.

"ஏண்டிம்மா சுபா, கீபோர்ட் சொல்லிக் குடுக்கற தயாளன் இருக்காரே, தெனமும் லேட்டு. குழந்தேள்லாம் வெறும் ஸ்கிரீனைப் பார்த்துண்டு உக்காந்திருக்கா. கேட்டா, சைட்டு சுத்தறதுங்கறார். மத்தவாளுக்கெல்லாம் சுத்தலையே. சனிக்கிழமையும் லேட் ஆச்சுன்னா அந்த பேட்சை வேற வாத்தியார்ட்ட குடுத்துடப் போறேன். தயாளன்ட்டயும் சொல்லியாச்சு."

முன்பெல்லாம் வகுப்புக்கான லிங்க்கை மாமி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவார். புது சைட் வந்த பிறகு ‘இன்றைய வகுப்புகள்’ பக்கத்தில் போய்த்தான் உள்ளே நுழைய வேண்டும். வருகைப் பதிவும் அங்கேயே ஆகிவிடும். அது என் யோசனைதான்.

தயாளனை அழைத்தேன். "அண்ணா, பக்கத்த ஓபன் பண்ணா நடுவுல பெருசா பச்சை பட்டன் இருக்கும், பாருங்க."

"பச்சையாவா கீது? நல்லாத்தான் இருக்கும்." சிரித்தார். "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. மாமி சொல்லலியா?"

சொல்லவில்லை. இசை விஷயத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் மாமிக்கு வந்ததே இல்லை. "நேர்ல வரட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். "வா, டீ வாங்கி வெக்கிறேன்" என்றார்.

2. விஜயதசமி

கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் அவர் வீடு. மேஜையில் கீபோர்ட், அதன் பக்கத்தில் லேப்டாப். ஸ்க்ரீன் ரீடர் என்கிற மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அது பேசும் வேகத்தை அன்றுதான் கேட்டேன். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அவரோ அதைக் கேட்டுக்கொண்டே என்னிடமும் பேசினார்.

"இப்ப பாரு. நல்ல சைட்டா இருந்தா D அடிப்பேன், நேரா மெயின் ஏரியாவுக்குப் பூடும். இல்லாங்காட்டி H அடிச்சு தலைப்பு தலைப்பா தாவுவேன். உன் சைட்டுல அடிக்கிறேன், கேளு."

D அடித்தார். லேண்ட்மார்க், அதாவது எந்தப் பகுதி எது என்று சொல்லும் அடையாளம், இல்லை என்றது குரல். H அடித்தார். தலைப்பு இல்லை என்றது. தலைப்புகளையெல்லாம் நான் சாதாரண எழுத்துப் பெட்டியில் அடித்து, அளவை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தலைப்பு, காதுக்கு வெறும் வரி.

"இனிமே வரி வரியா எறங்கணும்" என்று கீழ் அம்புக்குறியைத் தட்டினார். முதலில் வந்தது ஓடும் செய்தி. மேலே ஒரு செய்தி ஓடாவிட்டால் அது சைட்டே இல்லை என்பது மாமியின் கட்சி. சென்னையில் பாதி கிளையன்ட்டுகளின் கட்சியும் அதுதான். விஜயதசமி சிறப்புச் சேர்க்கை என்று ஓடவிட்டிருந்தேன். இடைவெளி தெரியாமல் ஓடுவதற்காகப் பில்டர் அதே வரியைப் பல பிரதிகள் எடுத்து வரிசையாக அடுக்கி வைக்கும். அது எனக்குத் தெரியாது. விஜயதசமி, விஜயதசமி, விஜயதசமி என்று குரல் விடாமல் வாசித்தது.

"ஊருக்கெல்லாம் வருசத்துக்கு ஒரு தபா. எனக்கு டெய்லி வருது" என்றார் தயாளன்.

அதைத் தாண்டினால் மெனு. மெனுவைத் தாண்டினால் ஸ்லைடு படங்கள். அதன் பிறகுதான் வகுப்பு. பாதி வழியில் பக்கம் தானாக ரீலோட் ஆனது, புது நேரத்தைக் காட்டுவதற்காக நான் வைத்திருந்த ஏற்பாடு. மறுபடியும் முதலிலிருந்து விஜயதசமி.

"இத்தயெல்லாம் மாமிகிட்ட சொன்னா சாக்கு சொல்றான்னு நெனைக்கிறாங்க. அவங்க மேல தப்பு இல்ல. அவங்களுக்கு ஒரே தட்டுல ஓபன் ஆவுதே" என்றார். கீபோர்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே, "அந்த பேட்ச் புள்ளைங்க இப்பத்தான் ரெண்டு கையும் சேர்த்து வாசிக்க ஆரம்பிச்சிருக்குதுங்க. இப்பப் போயி வாத்தியார மாத்துனா கெட்டுப் பூடும்" என்றார்.

3. டேக்

பில்டரில் எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் பக்கவாட்டுப் பேனலின் அடியில் ‘டேக்’ என்று ஒரு சின்ன இடம் இருக்கும். அதில் டிவ் என்று போட்டிருக்கும். டிவ் என்றால் வெறும் பெட்டி, உள்ளே இருப்பது என்ன என்று அது யாருக்கும் சொல்லாது. அதைத் திறந்தால் மேல்பகுதிக்கு ஹெட்டர், மெனுவுக்கு நாவ், முக்கியப் பகுதிக்கு மெயின், அடிப்பகுதிக்கு ஃபூட்டர் என்று வேறு பெயர்கள் வரும். எதை மாற்றினாலும் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. அதனாலேயே நான் அதைத் தொட்டதில்லை. என்னைப் போல இழுத்துப் போட்டுக் கட்டுகிற யாரும் தொடுவதில்லை.

தயாளன் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறந்து, பெரிய பெட்டியைத் தேர்ந்தெடுத்து மெயின் என்று மாற்றி பப்ளிஷ் செய்தேன். "அடிங்க அண்ணா."

D அடித்தார். மெயின் லேண்ட்மார்க் என்றது. அடுத்த சொல் விஜயதசமி.

"இன்னாம்மா, கல்யாண மண்டபத்துக்கு உள்ள வந்தா, மேளக்காரனும் கூடவே வந்துட்டான்?"

விஷயம் இதுதான். பின்னால் நிறம் ஒரே சீராக இறங்க வேண்டும் என்பதற்காக ஓடும் செய்தி, மெனு, வகுப்பு, அடிப்பகுதி எல்லாவற்றையும் கன்டெய்னர் என்கிற அந்த ஒரே பெரிய பெட்டிக்குள் போட்டிருந்தேன். அந்த மொத்தத்துக்கும் மெயின் என்று பெயர் வைத்தால் யாருக்கு என்ன பயன்? பிரித்தாக வேண்டும்.

ஆபீஸுக்கு வந்து பிரித்தேன். ஓடும் செய்தி ஹெட்டருக்குள். மெனு நாவுக்குள். வகுப்புப் பகுதி மட்டும் மெயின். மிச்சம் ஃபூட்டர். தலைப்புகளை உண்மையான ஹெடிங் ஆக்கினேன். ரீலோட் ஏற்பாட்டை எடுத்தேன். எல்லாம் சரி, ஆனால் மெனுவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை விழுந்து டிசைன் இரண்டாக வெட்டினாற்போல் ஆகிவிட்டது.

"ஐயையோ, அப்ரூவ் ஆன டிசைன் சுபா" என்றார் பிரகாஷ். "அவருக்கு மட்டும் வாட்ஸப்ல லிங்க் அனுப்பச் சொல்லு. மேட்டர் ஓவர்."

"வாட்ஸப்ல போனா அட்டென்டன்ஸ் விழாது பாஸ். மாமி கணக்குல அவர் லீவுன்னு வரும். அவர் வேலையே போயிடும்."

"சரி, அந்தக் கோடு போச்சுன்னா பேசலாம்" என்றார்.

கோட்டைப் போக்குவது சுலபம். நிறத்தைக் கன்டெய்னருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக முழுப் பக்கத்தின் பின்னணிக்கே கொடுத்தேன். வெள்ளைப் பட்டை காணாமல் போனது. பாஸ் தன் ஃபோனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "எதுவுமே மாறலியே" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

4. சனிக்கிழமை

மாமி வீட்டுக் கூடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் புது வாத்தியார் லைனில் இருந்தார். "அஞ்சு நிமிஷம் பார்ப்போம். வரலேன்னா நீங்க சேர்ந்துடுங்கோ" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாமி டேப்லெட்டை எடுத்து சைட்டைத் திறந்தார். விரலால் தள்ளித் தள்ளி இறங்கி, பச்சை பட்டனைத் தேடிப் பிடித்துத் தட்டினார்.

திரையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, கீபோர்டில் எதையோ மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார் தயாளன்.

"யாரு, மாமியா?" என்றார். "வாங்க. புள்ளைங்க ஒண்ணையும் காணோம். இன்னிக்கு அதுங்கதான் லேட்டு போல கீது."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்து, "நீங்க வெச்சுடுங்கோ, தேவைப்படலை" என்றார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர, வகுப்பு தொடங்கியது. இரண்டு கையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். நடுநடுவே தாளம் தப்பியது. தயாளன் பெயர் சொல்லிச் சொல்லித் திருத்தினார். வகுப்பு முடிந்ததும் மாமி அவரிடம், "சாக்கு சொல்றேள்னு நெனைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றார். "அத்த விடுங்க மாமி" என்றார் அவர்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பில்டர் உங்களை ஓவியர் ஆக்கிவிடும், மயங்க வேண்டாம். முதல் பெட்டியைப் போடும்போதே இந்தப் பக்கத்துக்கு ஒருவர் எதற்காக வருகிறார் என்று கேளுங்கள். அந்தப் பகுதியை மட்டும் ஒரு கன்டெய்னரில் வைத்து அதன் டேக்கை மெயின் ஆக்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற எதையும் அதற்குள் விடாதீர்கள். பிறகு மவுஸைத் தள்ளி வைத்து, ஸ்க்ரீன் ரீடரை ஓடவிட்டு, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, உங்கள் சைட்டுக்குள் நீங்களே நுழைந்து பாருங்கள். நிறம், நிழல், அனிமேஷன் எல்லாம் அதற்கப்புறம்.

தயாளன் அண்ணாவுக்கு மாமி இப்போது ஞாயிற்றுக்கிழமை பேட்சும் கொடுத்திருக்கிறார்.