சூடு ஆறாத சீட்

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் உயர்நிலைப் பள்ளியின் வெளிச்சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டு குழந்தைகள் போதும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். காரிமங்கலம் சந்தைக்கு வருகிற சனம் மொத்தமும் அதைப் படித்துக்கொண்டுதான் போகும். அந்த இரண்டும் எப்படி வரும் என்று சுவருக்கு உள்ளே இருந்த எங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அதற்குப் பதிலாகப் பெண்களுக்கு மட்டும் நீதிபோதனை வகுப்பு இருந்தது. எடுத்தவர் எங்கள் அறிவியல் டீச்சர். கல்யாணமாகாதவர், தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். பையன்களோடு சிரித்துப் பேசாதே, குனிந்த தலை நிமிராதே, பஸ்ஸில் ஆம்பளை எழுந்த சீட்டில் சூடு ஆறாமல் உட்காராதே. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"வயித்துல வந்து நிக்கும். அப்புறம் படிப்பு ஏது?" என்றார் டீச்சர். பாடம் அதோடு முடிந்தது.

மாடு வளர்த்த வீட்டுப் பெண்தானே, காளையைப் பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றும் இருக்கிறேன். ஆனால் மாடு வேறு, மனுஷி வேறு என்றுதான் நம்பினேன். மாட்டுக்கு யாரும் நீதிபோதனை எடுப்பதில்லையே.

என் ஊர் தருமபுரி போகும் வழியில் இருந்தது. ஒரு சந்தை நாள் சாயங்காலம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கோழிக்கூடையோடு ஒரு பெரியவர் எழுந்தார். டிரைவர் போட்ட பிரேக்கில் நான் அவருடைய சீட்டில் போய் விழுந்தேன். எழுந்துவிடப் பார்த்தேன், கூட்டம் விடவில்லை. சீட் நன்றாகவே சூடாக இருந்தது.

அந்த மாதம் நான் வீட்டுக்குத் தூரமாகவில்லை.

காளைக்குப் போய்வந்த மாடு மறுபடி கத்தாவிட்டால் சினைதான் என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. சோறு இறங்கவில்லை. எனக்குப் பதினோராம் வகுப்பு முடித்து நர்ஸாக வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்குத் தெரிந்தால் புத்தகம் அத்தனையும் அடுப்புக்குப் போய்விடும். அழுதுகொண்டே டீச்சரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"சீட்டு ரொம்பச் சூடா இருந்துச்சா?"

"ஆமாங்க டீச்சர்."

"உடனே எந்திரிச்சிருக்கலாம்ல?"

"கூட்டமுங்க டீச்சர்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "வூட்ல சொல்லிடாத. எள்ளு சூடு. தின்னா கலைஞ்சுடும்னு சொல்லுவாங்க" என்றார். மறுநாளிலிருந்து மதியம் மணி அடித்ததும் எனக்கு ஓர் எள்ளுருண்டை வந்துவிடும். அறிவியல் பட்டம் வாங்கியவரிடம் இருந்த மருந்து அவ்வளவுதான். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மேல் இல்லை. அவருக்கும் நீதிபோதனைதான் கிடைத்திருந்தது.

ஒரு நாள் காலையில் அடிவயிறு வலித்தது. வயிற்றுவலிக்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பள்ளிக்கு ஓடிப்போய், "வந்துருச்சுங்க டீச்சர்" என்றேன். நீதிபோதனை டீச்சர் வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ். டீச்சர் வழக்கம்போல நின்றுகொண்டு வந்தார். பக்கத்தில் ஆம்பளை ஒருவர் எழுந்து இறங்கினார். டீச்சர் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடப் பையோடு, ஒன்றும் ஆகாமல் நின்றுகொண்டிருந்தேன். மெதுவாக உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பஸ் கிளம்பியது. டீச்சர் கைப்பையைத் திறந்து ஓர் எள்ளுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.